முப்பது நிமிடத் தெலுங்கு

ரெக்கார்டர் துண்டுக்குள் இருந்தது. முதலில் ஒரு கைத்துண்டு, அதன்மேல் குளியல் துண்டு, அதற்கும் மேலே ஒரு பழைய போர்வை. மொத்தத்தையும் சுருட்டி அலமாரியின் அடித்தட்டில் வைத்து அத்தை கதவைச் சாத்தியிருந்தாள்.

"அடுப்பு மேடையில இருந்துச்சும்மா. தண்ணி கிண்ணி பட்டுட்டா? அதான் பத்திரமா எடுத்து வெச்சேன்" என்றாள் அத்தை. அவளுடைய மாமியார்தான் அத்தை.

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓட்டிப் பார்த்தாள். நேற்றுக் காலை வேலைக்குப் போகும்போது, "அத்தை, இதை இங்க வைக்கிறேன், சிவப்பு விளக்கு எரியுதா, அது பாட்டுக்குப் பதிவாகும், நீங்க பாட்டுக்குப் பேசுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வைத்துப் போனாள். எட்டு மணி நேரம் பதிவாகியிருந்தது. எட்டு மணி நேரமும் துண்டுதான். நாலாவது மணி நேரத்தில் யாரோ ஒருமுறை தும்மினார்கள். தும்மலைத் தெலுங்கு என்று சொல்லி யூனிவர்சிட்டியில் கொடுக்க முடியாது.

அன்று வியாழக்கிழமை. கடைசி நாள் வெள்ளி, மாலை ஐந்து மணி.

நடந்ததைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொன்னால்தான் அவள் ஏன் அந்தக் குளியல் துண்டைப் பிடித்து முறுக்கினாள் என்பது புரியும்.

அவள் பல் செய்கிறவள். பல் மருத்துவர்கள் வாயை அளவெடுத்து அச்சை அனுப்புவார்கள். அவள் அதில் பிளாஸ்டர் வார்த்து, மெழுகில் பல் அடுக்கி, ராவி, மெருகேற்றித் திருப்பி அனுப்புவாள். ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் லேப். பத்தொன்பது வருஷ வேலை. ஊரில் பாதிப் பேர் அவள் கைப் பல்லால்தான் கடிக்கிறார்கள் என்று அவள் புருஷன் சொல்வதுண்டு. அவரே ஒரு பஸ் டிப்போவில் டயர் பிரிவில் இருப்பவர், பெருமை அடித்துக்கொள்ள அவருக்கு வேறு என்ன இருக்கிறது? அவள் செய்ததிலேயே உசத்தியான செட் அத்தையின் மேல்வரிசை. மாமனார் இறந்த வருஷம் அத்தைக்கு மேல்பல் அத்தனையும் போயிற்று. லேபில் ஒருத்தரும் தொடக்கூடாது என்று சொல்லி அவளே செய்தாள். எதிரே உட்காரவைத்துப் பேசச் சொல்லி, ஒவ்வொரு சொல்லாகக் காது கொடுத்துக் கேட்டு, மூன்று முறை மாற்றினாள். கடைசியில் அத்தையின் தமிழ் மணி மணியாக வந்தது.

தமிழ் என்று சொன்னேன். அங்கேதான் கோளாறு.

அந்த வீட்டில் பேச்சு தெலுங்கு. தலைமுறை தலைமுறையாகத் தெலுங்கு பேசுகிற குடும்பம். ஒருவருக்கும் தெலுங்கில் ஓர் எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாது என்பது வேறு விஷயம். அவள் தமிழ் வீட்டுப் பெண். லேபுக்கு முன்னால் இருவரும் வேலை செய்த ஓர் இடத்தில் பார்த்து, பழகி, இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டு நடந்த கல்யாணம். இந்த வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவளிடம் ஒருவரும் ஒரு வாக்கியம் தெலுங்கில் பேசியது கிடையாது.

அவளிடம்தான் பேசவில்லை என்றால் பரவாயில்லை. அவள் முன்னாலேயே பேசுவது கிடையாது. அந்த வீட்டில் தெலுங்கு ஒரு குழாய். அவள் சாவி பூட்டில் திரும்புகிற சத்தம் கேட்டால் யாரோ உள்ளே அதை அடைத்துவிடுவார்கள். வெளியே நிற்கும்போது கலகலவென்று கேட்கும். கதவைத் திறந்தால், "வந்துட்டியாம்மா? காபி குடிக்கிறியாம்மா?" பெற்ற மகளே அப்படித்தான். மூன்று வயதில் பாட்டியின் மடியில் உட்கார்ந்து என்னமோ வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள், இவளைப் பார்த்ததும் டக்கென்று நிறுத்தி "அம்மா, தண்ணி" என்றாள். இப்போது அவள் ஹாஸ்டலில் இருக்கிறாள். அங்கிருந்து போன் வந்தாலும் பாட்டிக்குத் தனி மொழி, அம்மாவுக்குத் தனி மொழி.

இப்படி இருந்தால் ஒரு மனுஷி என்ன நினைப்பாள்? தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைப்பாள். அவளும் நினைத்தாள். புருஷனிடம் இரண்டொரு முறை சண்டை போட்டாள். "உன்னைப் பத்திப் பேச என்ன இருக்கு?" என்று அவர் சொன்னது சமாதானமா அவமானமா என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு நாள் மத்தியானம் அவள் வார்டுக்குள் போனாள். மூச்சு வாங்க வாங்க அவர் மனைவியிடமும் மகனிடமும் தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இவள் தலையைக் கண்டதும் நிறுத்தினார். நிறுத்திவிட்டு, அந்த நிலைமையிலும், தமிழைத் தேடினார். தேடித் தேடி, "சாப்ட்டியாம்மா?" என்றார். அவர் அவளிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அவள் வராந்தாவுக்கு ஓடிப்போய் அழுதாள். அழுகையில் பாதி கோபம். சாகிற நேரத்தில்கூடவா என்னிடம் மறைக்கவேண்டும்?

அடுத்த வருஷம் யூனிவர்சிட்டியில் சேர்ந்துவிட்டாள். தெலுங்கு மொழி, இலக்கியம், பண்பாடு. பகுதிநேரம். சனிக்கிழமை முழு நாள், திங்களும் புதனும் மாலை. ஐந்து வருஷம்.

"வெண்ணெயைக் கையில வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையறா" என்றார் புருஷன். "வீட்டுல இத்தனை பேர் இருக்கோம், யூனிவர்சிட்டி எதுக்கு?"

"நீங்க சொல்லிக் கொடுங்களேன்."

"நானா? எனக்கு எங்க நேரம்?"

வெண்ணெய் இந்த லட்சணம் என்றால் யூனிவர்சிட்டி அதற்குமேல். எடுத்த எடுப்பில் ஆயிரம் வருஷப் பழைய காவியத்தில் கொண்டுபோய்த் தள்ளினார்கள். முதல் வருஷ முடிவில், காட்டுக்குப் போகிற ராஜகுமாரனை வழியனுப்ப அவளால் நாலு அடிச் செய்யுள் சொல்ல முடியும். உப்பு எங்கே என்று கேட்க முடியாது. வகுப்பு, புள்ளியியல் துறையின் பழைய அறையில் நடந்தது. கரும்பலகையில் பாதி எப்போதும் அவர்களுடைய கணக்குதான், அழிக்கக்கூடாது என்று வட்டம் போட்டிருக்கும். மீதிப் பாதியில் தெலுங்கு. பகுதிநேரப் பிரிவைப் பார்த்துக்கொண்ட அதிகாரிக்கு எல்லாரும் "எழுபத்தஞ்சு" என்று பெயர் வைத்திருந்தார்கள். வருகைப்பதிவு நூற்றுக்கு எழுபத்தைந்து என்பதைத் தவிர அந்த மனுஷர் வாயில் வேறு வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை.

இரண்டாம் வருஷம் தைரியம் வந்து, சாப்பாட்டு மேசையில் அத்தையிடம் தெலுங்கில் "உட்காருங்கள், பரிமாறுகிறேன்" என்றாள். அத்தை திடுக்கிட்டு மகனைப் பார்த்தாள். மகன் தட்டைப் பார்த்தார். பிறகு அத்தை, "உக்காந்துட்டேம்மா" என்றாள், தமிழில். எத்தனை தடவை எய்தாலும் அம்பு தமிழாகவே திரும்பி வந்தது. கரடியாய்க் கத்தினாலும் இதே கதைதான்.

மூன்றாம் வருஷம் அவளுக்குப் பேச்சு நன்றாகவே பிடிபட்டுவிட்டது. ஒரு சாயங்காலம் சாவியைப் போடாமல் கதவுக்கு வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே அம்மாவும் மகனும். ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. குழாய் ரிப்பேர்காரன் வருகிறேன் என்று சொல்லி வரவில்லை. அத்தைக்கு இடது முட்டி வலிக்கிறது. ஈரத்துண்டை நாற்காலியில் போட்டது யார்? இவ்வளவுதான். பத்து நிமிஷம் நின்றாள், பேச்சு துண்டை விட்டு நகரவில்லை. பத்தொன்பது வருஷமாக ராஜ ரகசியம் என்று நினைத்து மனசுக்குள் வெந்தது இந்த ஈரத்துண்டுக்கா? திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஒரு திருப்தி இருந்திருக்கும்.

ரகசியமும் இல்லை என்றால் ஏன் நிறுத்துகிறார்கள்? அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

கடைசி வருஷத்துக்கு ஒரு கள ஆய்வு. பாடப் புத்தகத்துக்கு வெளியே வாழ்கிற தெலுங்கை, ஒரே ஆள் பேச, முப்பது நிமிஷம் குறையாமல் பதிவு செய்யவேண்டும். வாசிப்பு கூடாது, இயல்பான பேச்சாக இருக்கவேண்டும். ஒளித்து வைத்துப் பதிவு செய்வது திருட்டு என்று பேராசிரியர் முன்பே சொல்லிவிட்டார். பேசியவர் சம்மதக் கையெழுத்துப் போடவேண்டும். இந்த வருஷத்தோடு பகுதிநேரப் பிரிவையே மூடுகிறார்கள், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பதிவு போகாவிட்டால் பட்டம் போச்சு. ஐந்து வருஷச் சனிக்கிழமைகள் போச்சு.

"உனக்கென்னம்மா, வீட்டுலயே ஆள் இருக்கு" என்று வகுப்பில் எல்லாரும் பொறாமைப்பட்டார்கள்.

வீட்டிலேயே இருந்த ஆள் வாயைத் திறந்தால்தானே. முதல் நாள் எதிரே உட்காரவைத்தாள். அத்தை அவள் முகத்தைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், தமிழ் வந்தது. இரண்டாம் நாள் புருஷனைப் பேச்சுக்கு உட்காரவைத்துவிட்டு அவள் மொட்டை மாடிக்குப் போனாள். திரும்பிவந்து கேட்டால், அவர் பேட்டி எடுக்கிற தோரணையில் "அம்மா, உங்கள் இளமைக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்கிறார், அத்தை "நல்லா இருந்தது" என்கிறாள். அத்தோடு முடிந்தது இளமைக் காலம். அத்தை கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசியது அந்த இரண்டு வார்த்தையிலும் தெரிந்தது. மூன்றாவதுதான் துண்டு.

"அத்தை, முப்பதே நிமிஷம். உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்றாள் வியாழக்கிழமை, குரல் கெஞ்சலா அதட்டலா என்று அவளுக்கே தெரியாமல்.

"என்னை விட்டுடும்மா. எனக்குப் பேச வராது" என்றாள் அத்தை. சொல்லிவிட்டு எழுந்து அறைக்குள் போய்விட்டாள். கல்லில் நார் உரிக்கலாம், அத்தையிடம் ஒரு காரணம் உரிக்க முடியாது.

அவளுக்குப் பொறுமை போயிற்று. நேரே மேல் மாடிக்குப் போனாள். அங்கே ஒரு அம்மாள் இருந்தார். முப்பது வருஷம் வானொலியில் தெலுங்குச் செய்தி வாசித்து ஓய்வு பெற்றவர். அந்தக் கட்டடத்தில் அவருக்கு ரேடியோ அம்மா என்றுதான் பெயர். கேட்டதுமே, "நாளைக்குப் பதினொரு மணிக்கு வந்துடறேன்" என்றார். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டாள். பதினொரு மணிக்கு ரேடியோ அம்மா வந்து கூடத்தில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, ரெக்கார்டரைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். என்ன தெலுங்கு அது! ஒவ்வொரு சொல்லும் குளித்துத் தலைவாரிக்கொண்டு வந்தது. இயல்பான பேச்சு என்று பேராசிரியர் ஒப்புக்கொள்வாரா என்ற சந்தேகம் மூன்றாவது நிமிஷத்திலேயே வந்தது. வாயை மூடிக்கொண்டு கேட்டாள். பன்னிரண்டாவது நிமிஷத்தில் ரேடியோ அம்மா, வீட்டுத் தெலுங்கு, நல்ல தெலுங்கு என்று பிரித்து விளக்க ஆரம்பித்து, "உதாரணமா, இந்த வீட்டு மாதிரிக் குடும்பங்கள்ல பேசறது இருக்கே, அதைத் தெலுங்குன்னே சொல்ல முடியாது. பாதி தமிழ், மீதி இரைச்சல்" என்று தெலுங்கில் சொன்னார்.

அறைக் கதவு திறந்தது.

அத்தை வந்தாள். ரேடியோ அம்மாவைப் பார்த்துத் தெலுங்கில் மூன்றே வாக்கியம் சொன்னாள். அந்த மூன்றையும் நான் இங்கே எழுதுவதாக இல்லை. ரேடியோ அம்மா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறுகிற சத்தம் கேட்டது.

"அத்தை! எனக்காக வந்தவங்களை..." என்று அவள் பதறினாள்.

அத்தை திரும்பினாள். அவள் முகத்துக்கு நேரே திரும்பினாள்.

"ஏமே!" என்றாள்.

தெலுங்கில் சொந்தப் பெண்ணைக் கூப்பிட்டுத் திட்டுகிற சொல் அது. அவளுக்கு இதற்குமுன் அது ஒருபோதும் கிடைத்ததில்லை. இதற்குமேல் எல்லாமே தெலுங்கு. உங்களுக்காக நான் தமிழில் சொல்கிறேன், சூடு பாதி ஆறித்தான் வரும்.

"நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் வீட்டுல இருக்கேன், நீ மாடியிலேர்ந்து ஆள் கூட்டிட்டு வர்றியா? புத்தி இருக்கா உனக்கு? படிச்சுட்டா ஆச்சா? என்னிக்கு இந்த வீட்டுக்குள்ள காலடி வெச்சியோ அன்னிக்கே பார்த்தேன், செருப்பை நடு வழியில கழட்டிப் போட்டே. இன்னிக்கும் அங்கதான் கிடக்கு. இருபத்திரண்டு வருஷமா நான் தாண்டித் தாண்டிப் போறேன்!"

அங்கே தொடங்கியவள் வருஷவாரியாக வந்தாள். பிளாஸ்டர் தூள் படிந்த கையோடு பால் பாத்திரத்தை எடுப்பது. காலையில் ஒரு வாய் சாப்பிடாமல் ஓடுவது. நிறைமாசமாக இருந்தபோது அந்த மூன்று மாடியை ஏறி இறங்கியது. "எனக்கு இங்க வயித்தைக் கலக்கிட்டு இருந்துச்சு, 'பார்த்துப் போம்மா'ன்னு சொன்னேன். அதுக்குமேல தமிழ்ல என்ன சொல்றதுன்னு தெரியலை!" வேலை முடியாத பல்செட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து காயவைப்பது. "யார் யார் வாயோ, எவன் எவன் ஈறோ, என் சாப்பாட்டு மேசையில வரிசையா உக்காந்து சிரிக்குது! நான் எதிர்ல உக்காந்து காபி குடிக்கறேன்!"

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். முதலில் கோபம்தான் வந்தது. பிறகு, என்ன இது, எல்லாம் புரிகிறதே என்று தோன்றியது. பிறகு வேறொன்று காதில் விழுந்தது. பத்தொன்பது வருஷம் பல் வேலை செய்த காது அது. சில சொற்களில், நாக்கு மேல்பல்லின் பின்பக்கத்தைத் தட்டி உரசுகிற இடத்தில், ஒரு மெல்லிய விசில், மூடிய கதவுக்கு வெளியே கேட்காத அளவு. தமிழில் இல்லாத ஒலி. சொல்லுக்குச் சொல் கேட்டது.

அவள் கண் போன இடத்தை அத்தை பார்த்துவிட்டாள்.

"பாரு! நல்லா பாரு! நீ பண்ணிக் கொடுத்த பல்லுதான். உன் தமிழுக்கு மட்டும்தான் சரியா இருக்கு. தெலுங்குல வாயைத் திறந்தா விசில் அடிக்குது. ஆறு வருஷமா டிராபிக் போலீஸாட்டம் விசில் அடிச்சுட்டு இருக்கேன். இந்த வாயோட உன் மிஷின் முன்னால உக்காரச் சொல்றே, ஊரே கேட்டுச் சிரிக்க!"

"ஏன் அத்தை சொல்லலை?" என்றாள் அவள், தமிழில்தான் வந்தது.

"எப்படிடி சொல்வேன்? நான் தெலுங்கு பேசினாத்தானே உனக்கு விசில் கேக்கும்? உன் முன்னால பேசக்கூடாதுன்னு அந்த மனுஷன் எங்க வாயை எல்லாம் தைச்சுட்டுப் போயிட்டாரே!"

நீ வந்த அன்றைக்கே, என்று அத்தை சொன்னாள், உங்க மாமா எங்களை எல்லாம் சமையலறையில் நிற்கவைத்துச் சட்டம் போட்டார். வந்திருக்கிற பெண்ணுக்கு நம்ம பாஷை தெரியாது. அவள் எதிரே பேசினால் தன்னைப் பற்றித்தான் ஏதோ பேசுகிறார்கள் என்று நினைத்து அவள் மனசு நோகும். அதனால் அவள் இருக்கிற இடத்தில் தமிழ்தான். இது என் வார்த்தை.

"நல்ல மனுஷன்! ரெண்டு வருஷத்துல நீயே பழகிப்பேன்னு பார்த்தேன். எங்கேர்ந்து பழகறது, நாங்கதான் வாயையே திறக்கலையே! நீ படிக்கப் போன பிறகாவது பேசலாம்னு பார்த்தா, அவர் இல்லாதப்போ அவர் வார்த்தையை எப்படி மீறுறது? உன் தமிழ்ல எனக்கு என்ன வரும்? வந்துட்டியாம்மா, சாப்ட்டியாம்மா, தூங்கும்மா. அதுல கொஞ்சவும் வராது, திட்டவும் வராது. இருபத்திரண்டு வருஷம் ஒரு விருந்தாளிகிட்ட பேசற மாதிரி பேசியே என் காலம் போச்சு. பெத்தவளா இருந்தா இதுக்குள்ள எத்தனை தடவை திட்டியிருப்பேன் உன்னை!"

அதற்குப் பிறகும் அத்தை நிறுத்தவில்லை. விட்டுப்போன வருஷங்களுக்குத் திரும்பிப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். அவள் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டே கேட்டாள். அத்தை ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவள் முன் நங்கென்று வைத்துவிட்டு, அதையும் குடிக்கவில்லை என்று திட்டினாள்.

ஓய்ந்தபோதுதான் இருவரும் ஒரே சமயத்தில் மேசையைப் பார்த்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ரேடியோ அம்மா பன்னிரண்டு நிமிஷம். அத்தை முப்பத்துநாலு.

அவள் முதல் வேலையாகப் புருஷனுக்குப் போன் போட்டாள்.

"நான் வந்த அன்னிக்கு மாமா சமையலறையில என்ன சொன்னார்?"

அந்தப் பக்கம் டயர் உருளுகிற சத்தம். "ஓ, அதுவா? உன் முன்னாடி தெலுங்கு பேசக்கூடாதுன்னார். ஏன்?"

"இருபத்திரண்டு வருஷமா ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீ கேக்கவே இல்லையே."

போனை வைத்துவிட்டாள். அந்த மனுஷனுக்கு வேண்டியதைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம். மணி பன்னிரண்டாகப் போகிறது. கையெழுத்து வேண்டும்.

"என்னது! நான் மருமகளைத் திட்டினதை யூனிவர்சிட்டியே கேக்கணுமா? விசிலோட?" அத்தை படிவத்தைத் தொடக்கூட மாட்டேன் என்றாள்.

அப்போது அவள் அத்தையின் எதிரே உட்கார்ந்து, ஐந்து வருஷம் படித்த தெலுங்கை எல்லாம் திரட்டிக் கேட்டாள். பதற்றத்தில் வந்தது காவியத் தெலுங்கு. தமிழில் சொன்னால், "தாயே, அடியாள் தங்கள் சன்னிதியில் விண்ணப்பம் ஒன்று உடையேன்" என்கிற மாதிரி.

அத்தை கண்ணை விரித்தாள். "இதைத்தான் அஞ்சு வருஷமா சொல்லிக் கொடுத்தாங்களா? பாவி மகளே, மனுஷி மாதிரி பேசு."

அவள் மனுஷி மாதிரி பேசினாள். தப்பும் தவறுமாகப் பேசினாள். இது போகவில்லை என்றால் ஐந்து வருஷம் வீண் என்றாள். நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டால் நான் கொடுக்கமாட்டேன், நீங்கள் பேசியது உங்களுடையது என்றாள். அத்தை இந்தத் தடவை மகனைத் தேடவில்லை. தெலுங்கிலேயே பதில் சொன்னாள்.

"முதல்ல போட்டுக் காட்டு. என்ன பேசினேன்னு எனக்கே ஞாபகம் இல்லை."

மதியச் சமையலை முடித்துவிட்டு வந்து முப்பத்துநாலு நிமிஷமும் கேட்டாள். அவசரமாக ஒன்றும் கேட்கவில்லை. காபி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து கேட்டாள். செருப்பு வந்த இடத்தில் தலையாட்டினாள். ஈறு வந்த இடத்தை, "நல்லா இருக்கு, மறுபடி போடு" என்றாள். இவள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி இரண்டு, இரண்டரை. மாமனார் சட்டம் போட்ட இடம் வந்தபோது அத்தை காபியைக் கீழே வைத்தாள்.

"பேனா கொடு" என்றாள் பிறகு. தமிழ் எழுத்தில், நிறுத்தி நிதானமாக, கையெழுத்துப் போட்டாள்.

யூனிவர்சிட்டி அலுவலகத்தில் நாலே முக்காலுக்கு எழுபத்தஞ்சு படிவத்தை மேலிருந்து கீழாக விரலால் தடவிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் நின்றார்.

"பேச்சின் வகைன்னு கேட்டிருக்கே, 'திட்டு'ன்னு எழுதியிருக்கீங்க. கதை, பேட்டி, உரையாடல், மூணுதான் இருக்கு. திட்டுக்கு இடம் இல்லை."

"உரையாடல்னு போட்டுக்குங்க சார்."

"உரையாடல்னா ரெண்டு பேர் பேசணும். இதுல ஒருத்தர்தான்..."

"சார்" என்றாள் அவள். அந்த ஒரு சொல்லில் என்ன இருந்ததோ, எழுபத்தஞ்சு முத்திரையைத் தேடி எடுத்துக் குத்திவிட்டார்.

வீடு வந்து சேர்ந்தபோது ஆறரை. கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே புருஷன் வந்துவிட்டிருந்தார். அம்மாவும் மகனும் பேசிக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து அவள் சாப்பிடவில்லை, இப்படி இருந்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும், நீயாவது கட்டின பெண்டாட்டியைக் கேட்கிறாயா என்று அத்தை மகனைப் பிடித்துக் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

சாவியை நுழைத்துத் திருப்பினாள். வழக்கமாக நிற்கிற இடம் அது. புருஷனின் குரல் நின்றது. அத்தையின் குரல் நிற்கவில்லை.

"வந்துட்டியா?" என்றார் அவர் தமிழில், பழக்கதோஷம்.

"அவகிட்ட என்னடா தமிழ்?" என்று அத்தை தெலுங்கில் அவர்மேல் பாய்ந்தாள். "ஏமே, வாசல்லயே நிக்கறியே. செருப்பை ஓரமா விடு."

அவள் செருப்பை ஓரமாக விட்டாள். பையிலிருந்து ராவுகிற சின்னக் கருவியை எடுத்துக்கொண்டு அத்தையின் எதிரே வந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். வழியில் லேபுக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அத்தை மேல்வரிசையைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, பேச முடியாமல், அவசரத்தோடு காத்திருந்தாள். அவள் முன்பற்களின் பின்பக்கத்தில் ஒரு நூல் அளவு தேய்த்து, துடைத்து, கழுவிக் கொடுத்தாள்.

"பேசுங்க அத்தை" என்றாள் தெலுங்கில். "நான் கேக்கறேன்."

அத்தை பல்லை மாட்டி, நாக்கால் தடவிப் பார்த்துவிட்டு, காலையில் விட்ட இடத்திலிருந்து திட்ட ஆரம்பித்தாள்.